சரம் அளக்கும் முழம்

"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்பது பழமொழி. உணவிலும் பேச்சிலும் செலவிலும் அளவு வேண்டும் என்று வீட்டில் அன்னையும் பள்ளியில் ஆசிரியையும் நமக்கு நாள்தோறும் சொல்லி வருகிறார்கள். ஆனால் அளவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அளவு குறைந்தாலும் துன்பந்தான். குட்டைப் பாயில் படுத்தவர் காலை மடக்கிக்கொண்டுதான் தூங்க வேண்டும். அப்போதும் பாய் குட்டை என்று யாரும் சொல்வதில்லை. கால் நீளம் என்றுதான் சொல்வார்கள்! இந்த உண்மையை இவ்வாண்டு நாங்கள் கற்றது நீதிபோதனை வகுப்பில் அன்று, கணிப்பொறி வகுப்பில்.

மேல்நிலை வகுப்பில் கணிப்பொறி அறிவியலைப் பாடமாக எடுத்துள்ள நாங்கள், பதினொன்றில் சி பிளஸ் பிளஸ் மொழியையும் பன்னிரண்டில் பைத்தான் மொழியையும் படிக்கிறோம். இம்மொழிகளில் எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைப்பதற்குச் 'சரம்' என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! பூக்களைத் தொடுத்தால் பூச்சரம். எழுத்துகளைத் தொடுத்தால் எழுத்துச்சரம். ஒருவருடைய பெயர் ஒரு சரம். அவருடைய ஊர் ஒரு சரம். இக்கட்டுரை முழுவதுமே கணிப்பொறிக்கு ஒரு நீண்ட சரந்தான். சரத்தை வைக்க இடம் வேண்டுமல்லவா? அந்த இடமே நினைவகம். பூக்காரம்மா சரத்தை முழம் போட்டு அளக்கிறார். கணிப்பொறி நினைவகத்தைப் பைட் கணக்கில் அளக்கிறது. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். 0 முதல் 255 வரை உள்ள ஏதாவது ஓர் எண்ணை ஒரு பைட்டில் வைக்கலாம். இவ்வளவு தெரிந்தால் போதும். மேலே சொல்லப் போவது அனைவருக்கும் விளங்கும்.

இது வெறும் பாடந்தானே, இதில் என்ன இருக்கிறது என்று தோழியர் கேட்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். பிறகு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு நேர்ந்தது எங்களைச் சிந்திக்க வைத்தது. அவளுக்குத் திருமுழுக்கின்போது வைத்த பெயர் நீளமானது. பாட்டியின் பெயர், பாதுகாவலியான புனிதையின் பெயர், கடைசியில் மேரி. நம் பங்குகளில் இப்படிப் பெயர் வைப்பது புதிதன்று. ஓர் அலுவலகம் வழங்கிய அட்டையில் அந்தப் பெயரின் கடைசி ஐந்து எழுத்துகள் இல்லை. வங்கிப் புத்தகத்திலோ முழுப் பெயரும் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லி அவளுக்கு வர வேண்டிய கல்வி உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். கூலி வேலை செய்யும் அவளுடைய அம்மா மூன்று நாள் கூலியை இழந்து அங்கும் இங்கும் அலைந்தார். போன இடத்தில், "எதற்கம்மா இவ்வளவு நீளமாகப் பெயர் வைத்தீர்கள்?" என்று கேட்டார்களாம். அந்தத் தாய் பதில் சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து நின்றார். தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்கள் எழுதிக் கொடுத்த சான்றிதழுக்குப் பிறகே காரியம் சரியாயிற்று.

இதை வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆசிரியை ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "பெயர் நீளமில்லை, பெட்டிதான் குட்டை." அந்தப் பெட்டியைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் அன்றுதான் எங்களுக்குப் பிறந்தது.

பெட்டியைக் குட்டையாகச் செய்தவர்கள் கல்நெஞ்சர்களா? இல்லை. ஒரு காலத்தில் நினைவகம் பொன்னைப் போல அரிதாக இருந்தது. 1969 ஜூலை 20 அன்று சந்திரனில் மனிதரை இறக்கிய அப்பல்லோ 11 பயணத்தின் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். எழுதி அழித்து மீண்டும் எழுதத்தக்க நினைவகம் அதில் 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் சுமார் 4 கிலோபைட். இந்தக் கட்டுரையை அதில் வைக்க முயன்றால் முதல் மூன்று பத்திகள் முடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும்! அழியாத நினைவகம் 36,864 சொற்கள். அதைத் தொழிற்சாலையில் பெண்கள் கையாலேயே பின்னினார்கள். சிறு காந்த வளையத்தின் உள்ளே கம்பி போனால் 1. வெளியே போனால் 0. பாஸ்டன் நகரை அடுத்த வால்தம் என்னும் ஊரில், நெசவுக்கும் கைக்கடிகாரத் தொழிலுக்கும் பழகிய கைகள் அந்த வேலையைச் செய்தன. ஒவ்வொரு பிட்டும் ஒரு பெண்ணின் கைபட்டுப் போன காலத்தில், ஓர் எழுத்துக்குக்கூட வீண் இடம் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே கணிப்பொறி மொழிகளைப் படைத்தவர்கள் சரத்தைச் சிக்கனமாக வைக்கப் பல வழிகளைக் கண்டார்கள். அவற்றுள் மூன்றை இங்கே சொல்கிறோம்.

முதல் வழி, சரத்தின் தலைப்பில் ஒரு சீட்டை ஒட்டி அதில் நீளத்தை எழுதி வைப்பது. 1983-இல் வெளிவந்த டர்போ பாஸ்கல் மொழி இப்படிச் செய்தது. சீட்டுக்கு ஒரு பைட் மட்டுமே ஒதுக்கினார்கள். ஒரு பைட்டில் 255-க்கு மேல் எண் அடங்காதல்லவா? ஆதலால் சரமும் 255 எழுத்துக்கு மேல் வளர முடியாது. வீட்டுக் கணிப்பொறிகளில் வந்த பழைய பேசிக் மொழிகள் பலவற்றிலும் இதே 255 எல்லை இருந்தது.

இரண்டாவது வழி, சரத்தின் கடைசியில் ஒரு முடிச்சுப் போடுவது. 1972-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியின் வழி இது. மதிப்பு 0 ஆக உள்ள ஒரு பைட் வந்தால் சரம் முடிந்தது என்று பொருள். சி பிளஸ் பிளஸ் மொழியும் இவ்வழியைத் தாயிடமிருந்து சீதனமாகப் பெற்றிருக்கிறது. பெயருக்கு 20 பைட் ஒதுக்கினால் 19 எழுத்துக்கு. மீதி ஒன்று முடிச்சுக்கு. இதில் நீளத்துக்குத் தனி எல்லை இல்லை என்பது நன்மை. ஒதுக்கிய இடத்துக்குமேல் எழுதினாலும் மொழி தானாகத் தடுக்காது என்பது ஆபத்து.

மூன்றாவது வழி, சரம் வளர வளர புதிய இடம் தேடிக் கொடுப்பது. பைத்தான் இப்படிச் செய்கிறது. பழைய சரத்தோடு ஒரு சொல்லைச் சேர்த்தால், இரண்டும் அடங்கும் அளவில் புதிய சரம் ஒன்றை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. மாவு பொங்கினால் பெரிய பாத்திரத்துக்கு மாற்றும் அம்மாவைப் போல! எழுதுபவருக்கு இது எளிது. ஆனாலும் அடுக்களையில் உள்ள பாத்திரங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நினைவகம் தீர்ந்தால் பைத்தானும் நின்றுவிடும். ஜாவா மொழியில் ஒரு சரம் எவ்வளவு பெரிதானாலும் 2,14,74,83,647 என்ற எண்ணைத் தாண்ட முடியாது. எல்லையே இல்லாதது இறைவன் ஒருவரே. மனிதர் செய்த எந்தப் பொருளுக்கும் எல்லை உண்டு.

எல்லை இருப்பது குற்றமில்லை என்றால், குற்றம் எங்கே இருக்கிறது? இதற்கு இரண்டு வரலாறுகளை எடுத்துக்காட்டுகிறோம்.

1988 நவம்பர் 2 அன்று, ராபர்ட் மோரிஸ் என்னும் அமெரிக்க மாணவர் அனுப்பிய ஒரு நிரல், வலைப்பின்னலில் இணைந்திருந்த கணிப்பொறிகளில் புகுந்து பரவியது. சுமார் 6,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டிருக்கும் என்று அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். அது நுழைந்த வாயில்களில் ஒன்று எது தெரியுமா? ஒருவருடைய பெயரைக் கேட்டு, அவரைப் பற்றிய விவரம் சொல்லும் ஒரு சாதாரண நிரல். சி மொழியில் எழுதப்பட்ட அந்நிரல், வரும் பெயருக்காக 512 பைட் ஒதுக்கி வைத்திருந்தது. இவ்வளவு நீளப் பெயர் யாருக்கு இருக்கப் போகிறது என்ற நம்பிக்கை! மோரிஸின் நிரல் 536 பைட் அனுப்பியது. வந்ததை அளந்து பார்க்க வாயிலில் யாரும் இல்லை. மிகுந்த 24 பைட் பக்கத்து இடத்தில் வழிந்து, கணிப்பொறியின் கட்டுப்பாட்டையே மாற்றிவிட்டது. அளக்காமல் வாங்கிக்கொள்ளும் அந்தப் பழைய கட்டளையைச் சி மொழியின் தரவிதியிலிருந்து 2011-இல் நீக்கிவிட்டார்கள்.

மற்றொரு வரலாறு நாம் முன்பு கண்ட அப்பல்லோவினுடையது. சந்திரனில் இறங்க ஒருசில நிமிடங்களே இருந்தபோது கணிப்பொறி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. வேலைகள் மிகுந்துவிட்டன, அவற்றை வைக்க நினைவகத்தில் இடமில்லை என்பதே அதன் பொருள். ஆனால் அந்தக் கணிப்பொறி வாயை மூடிக்கொண்டு எதையாவது வெட்டி எறியவில்லை. "என்னால் முடியவில்லை" என்று வெளிப்படையாகச் சொன்னது. உடனே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. முக்கியமில்லாத வேலைகளை விட்டு, கலத்தை இறக்கும் வேலையைத் தொடர்ந்தது. அப்படி நடக்க வேண்டும் என்று முன்பே எண்ணி நிரல் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பணியை நடத்திய குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களில் மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணியும் ஒருவர்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பல்லோவின் 4 கிலோபைட் ஏழ்மையானது. ஆனால் அது தன் ஏழ்மையை அறிந்திருந்தது, அறிவித்தது. மற்றதோ தன் எல்லையை அறியவும் இல்லை, அறிவிக்கவும் இல்லை. எங்கள் தோழியின் பெயரை வெட்டிய பெட்டி இவ்விரண்டில் எந்த வகை? அது எதையும் வழியவிடவில்லை, உண்மைதான். ஆனால் ஐந்து எழுத்துகளை வெட்டிவிட்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பெயர் அடங்கவில்லை" என்று அன்றே சொல்லியிருந்தால் அன்றே சரிசெய்திருக்கலாம். மௌனமாக வெட்டியதால், உண்மையல்லாத ஒரு பெயர் உண்மைபோல அட்டையில் அமர்ந்துவிட்டது.

இங்கே எங்களுக்கு இன்னொரு சந்தேகம் எழுந்தது. முழம் போடுவதென்றால் யார் கை முழம்? பூ வாங்கும்போது நாம் அதைக் கேட்பதுண்டு. கணிப்பொறியிடமும் கேட்டுப் பார்த்தோம். ஆய்வுக்கூடத்தில் 'அம்மா' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டோம். அ, ம், மா என்று மூன்று எழுத்து என ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் சொல்லும். பைத்தான் 5 என்றது! அதையே கோப்பில் சேமித்தால் எத்தனை பைட் என்று கேட்டோம். 15 என்றது!

காரணத்தை ஆசிரியை விளக்கினார். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் முறைக்கு யூனிகோடு என்று பெயர். 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே நம் தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் நமது 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கவில்லை. உயிரெழுத்துகளுக்கும், அகரம் ஏறிய மெய்களுக்கும், புள்ளி, கால், கொம்பு போன்ற குறிகளுக்கும் எண் கொடுத்தார்கள். ஆகவே 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்தாகிறது. அவற்றைக் கோப்பில் வைக்கப் பெரும்பாலும் வழங்கும் யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ஐம்மூன்று பதினைந்து!

பிறகு ஒவ்வொருத்தியும் தன் பெயரை மூன்று விதமாகவும் அளந்து நோட்டில் எழுதினோம். வகுப்பே திருவிழாவாக மாறிவிட்டது. 'மேரி' என்ற சின்னஞ்சிறு பெயர் நம் கணக்கில் 2; பைத்தானின் கணக்கில் 4; பைட் கணக்கில் 12. 'அமலோற்பவமேரி' என்ற பெயர் நம் கணக்கில் 8 எழுத்து. பைத்தானின் கணக்கில் 12. பைட் கணக்கில் 36. இதை ஆங்கில எழுத்தில் எழுதினால் 14 பைட். 20 பைட் பெட்டியில் சுகமாக அமர்ந்துவிடும். தமிழில் எழுதினாலோ, முடிச்சுப் போக உள்ள 19 பைட்டில் 'அமலோற்' வரை மட்டுமே அடங்கும். எஞ்சிய ஒரு பைட்டில் 'ப' என்ற எழுத்தின் மூன்றில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் படிக்கத் தெரியாத கணிப்பொறி கறுப்புக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறியைக் காட்டும். "இருபது" என்று எழுதிய பெட்டியில் நான்கு தமிழ் எழுத்தும் ஒரு கேள்விக்குறியும்! அன்னை மரியாவின் பெயரே வெளியே நிற்கிறது.

பெற்றோருக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தை ஏழு பிட்டில் அடக்குவதால் 160 எழுத்து எழுதலாம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் பதினாறு பிட் ஆவதால் 70 மட்டுமே. அதிலும் 'அம்மா' என்று விளித்தாலே ஐந்து போய்விடும். தமிழ்ச் செய்திகள் ஏன் பகுதி பகுதியாகப் பிரிந்து செல்கின்றன என்பது இப்போது விளங்குகிறதல்லவா? நம் மொழி வளவளப்பானது அன்று. அளவுகோல் வேறொரு மொழிக்காகச் செய்யப்பட்டது. அவ்வளவே.

இவற்றையெல்லாம் கற்றபின் நாங்கள் நிரல் எழுதும்போது மூன்று விதிகளைக் கைக்கொள்வதென்று முடிவு செய்தோம். ஒன்று, பெட்டி செய்யுமுன் அதில் அமரப் போகிறவர்களை எண்ணிப் பார்ப்பது. வகுப்பில் உள்ள மிகக் குட்டைப் பெயரை வைத்து அன்று, மிக நீண்ட பெயரை வைத்துச் சோதிப்பது. இரண்டு, எல்லை எத்தனை என்று சொல்வதோடு, எழுத்தா, குறியா, பைட்டா, எந்த முழம் என்பதையும் சொல்வது. மூன்று, அடங்காவிட்டால் அதை வாய்விட்டுச் சொல்வது; ஒருபோதும் மௌனமாக வெட்டாதிருப்பது. இவ்வாண்டு விழாவுக்குப் பரிசுச் சான்றிதழ்களின் பெயர்ப்பட்டியலைப் பைத்தானில் நாங்களே தயாரித்தோம். பெயர் கோட்டுக்கு மேல் நீண்டால் எழுத்தின் அளவைச் சிறிதாக்கி முழுப் பெயரையும் அச்சிடும்படி எழுதினோம். மேடையில் ஒருத்தியின் பெயர்கூட அரைகுறையாக ஒலிக்கவில்லை. அந்த மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். படிவம் நிரப்பித் தந்தவுடன் திரும்பிவிடாதீர்கள். வந்த தாளில் உங்கள் மகளின் பெயர் கடைசி எழுத்து வரை இருக்கிறதா, இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். குறை இருந்தால் தயங்காமல் கேளுங்கள். "பெயர் ஏன் நீளம்?" என்று யாராவது கேட்டால் தலைகுனிய வேண்டாம். நல்ல ஆயனைப் பற்றி மறைக்கல்வியில் கற்ற நமக்குப் பெயர் சொல்லி அழைப்பதன் அருமை தெரியும்.

தோழியரே! பெட்டியின் அளவை வானத்திலிருந்து யாரும் எழுதி அனுப்புவதில்லை. எங்கோ ஓர் அறையில் அமர்ந்து ஒருவர் "20 போதும்" என்று தீர்மானிக்கிறார். அவருக்கு நம் பெயர்கள் தெரியாததால் அப்படித் தீர்மானிக்கிறார். அந்த அறையில் நம்மில் ஒருத்தி இருந்தால் "போதாது" என்று சொல்வாள் அல்லவா? இத்துறை நமக்கு எட்டாதது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு கன்னியர்! சிஸ்டர் மேரி கென்னத் கெல்லர் என்பது அவர் பெயர். 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பிறகு அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தோற்றுவித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தி, 1985-இல் இறைவனடி சேர்ந்தார். வால்தம் தொழிற்சாலையில் நினைவகத்தைப் பின்னிய கைகளும் பெண்களின் கைகளே.

ஆகவே நன்கு கற்போம். அளவறிந்து செய்வோம், ஆளறிந்தும் செய்வோம். நாளை நம் கையில் முழக்கோல் வரும்போது, எந்த வீட்டுப் பிள்ளையின் பெயரும் பாதியில் நிற்காதபடி சரத்தைத் தாராளமாக அளந்து கொடுக்க இறைவன் நமக்கு நல்லறிவும் நல்மனமும் அருள்வாராக!

பன்னிரண்டாம் வகுப்பு, கணிப்பொறி அறிவியல் பிரிவு மாணவியர்